முப்பந்தலில் இன்னும் சுழலும் சின்ன இறக்கைகள்: மானியம் எதற்கோ, இயந்திரமும் அதற்கே

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் முழு வேகத்தோடு நுழைய நான்கு வாசல்கள்தான் உண்டு: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கணவாய்களில் வீசும் காற்று, நாட்டின் மிகச் சிறந்த காற்று வளங்களில் ஒன்று. உடுமலைப்பேட்டையிலும் கயத்தாறிலும் முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகள் முளைத்தது அதனால்தான்.

ஆனால் இந்த முதல்தரமான இடங்களில் இன்று நிற்பவற்றில் கணிசமானவை மிகப் பழைய, மிகச் சிறிய இயந்திரங்கள். 225, 250, 500 கிலோவாட் திறன். 30 முதல் 50 மீட்டர் உயரக் கோபுரம். 3,000 கிலோவாட் இயந்திரங்களோ, காற்று இதைவிட மெலிந்த இடங்களைத் தேடிப் போய் நிற்கின்றன. பொறியாளர்கள் தவறு செய்ததால் இது நேரவில்லை. கடந்த 35 ஆண்டுகளில் அரசு எதை அளந்து பணம் கொடுத்ததோ, அதற்கேற்ற இயந்திரம் அதற்கேற்ற இடத்தில் வந்து நின்றது. கரிமம் குறைந்த பொருளாதாரத்துக்கான கொள்கை எப்படி வேலை செய்யும், எங்கே சறுக்கும் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை.

முதலில் கொஞ்சம் இயற்பியல் தேவை. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் குறைந்துவிடும். இறக்கைகள் துழாவும் வட்டத்தின் பரப்போ விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஆகவே கோபுரம் எவ்வளவு உயரம், இறக்கை எவ்வளவு நீளம் என்ற இரண்டும்தான் ஒரு காற்றாலை ஆண்டுக்கு எத்தனை யூனிட் தரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கிலோவாட் அதன் உச்சவரம்பு மட்டுமே. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கொள்கைக் கதை முழுவதும் எளிதில் புரியும்.

தேய்மானம் கட்டிய காற்றாலைகள்

1980-களின் நடுவில் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கத்துக்காகச் சில சிறு காற்றாலைகள் நிறுவப்பட்டன. பிறகு டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் துணையோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். காற்று இருக்கிறது, இயந்திரம் ஓடும் என்பது நிரூபணமானது. தனியார் பணம் உள்ளே வந்ததற்குக் காரணம் வேறு: வருமான வரியில் கிடைத்த துரிதத் தேய்மானச் சலுகை, அதாவது சொத்தின் விலையில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே செலவாகக் காட்டி லாபத்திலிருந்து கழிக்கும் வசதி.

1990-களில் காற்றாலைக்கு முதலாண்டிலேயே 100 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம். 2000-களின் தொடக்கத்தில் அது 80 சதவீதமானது. 80 சதவீதக் கணக்கையே பார்ப்போம். 5 கோடி ரூபாயில் காற்றாலை வைக்கும் நூற்பாலை, முதலாண்டிலேயே 4 கோடியைத் தன் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளும். வரி 30 சதவீதம் என்றால் அந்த ஆண்டில் கட்ட வேண்டிய வரியில் 1.2 கோடி மிச்சம். இது வரிவிலக்கு அல்ல, வரி ஒத்திவைப்புதான். பின்னால் வரும் ஆண்டுகளில் கழிக்கத் தேய்மானம் அதிகம் இருக்காது. ஆனாலும் வட்டி உச்சத்தில் இருந்த காலத்தில் கையில் நிற்கும் 1.2 கோடியின் மதிப்பு மிகப் பெரியது.

இந்தச் சலுகையைப் பெற ஒரே நிபந்தனை, சொத்து அந்த நிதியாண்டுக்குள் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். இயந்திரம் இணைந்து ஓடத் தொடங்கியதற்கு மின்வாரியம் தரும் கமிஷனிங் சான்றிதழ் அதற்கு அத்தாட்சி. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் பாதித் தேய்மானம்தான். ஆகவே செப்டம்பர் 30-க்குள் இணைத்தால் முழுச் சலுகை, மார்ச் 31-க்குள் இணைத்தால் பாதி. இந்த இரண்டு தேதிகளை ஒட்டி கமிஷனிங் குவிந்ததற்கு இதுவே காரணம். செப்டம்பர் 30 என்பது காற்றுப் பருவம் முடியும் நேரம். காற்றை எதிர்பார்த்து வைத்தவர் மே மாதத்துக்கு முன் வைத்திருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயந்திரம் எத்தனை யூனிட் தருகிறது என்ற கேள்வியே இந்தச் சலுகையில் இல்லை. அதனால் ஓராண்டு முழுக்கக் காற்றை அளந்து, இடத்தைத் தேர்ந்து, பத்து மீட்டர் கூடுதல் உயரத்துக்குச் செலவு செய்வதில் முதலீட்டாளருக்கு அக்கறை குறைந்தது. கிலோவாட்டுக்குக் குறைந்த விலையில், தேதிக்குள் எது கிடைக்கிறதோ அது போதும். 1996-97 பட்ஜெட்டில், சலுகைகளால் வரியே கட்டாத லாப நிறுவனங்களும் ஓரளவு கட்டியாக வேண்டும் என்ற குறைந்தபட்ச மாற்று வரி வந்து வரி மிச்சத்தின் சுவை குறைந்ததும் புதிய காற்றாலைகளின் வேகம் சரிந்தது. சரியக் காரணம் வேண்டுமே, காற்றா குறைந்தது?

அதே சமயம் இந்தச் சலுகையின் நல்ல பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளிடம் லாபமும் இருந்தது, மின்வெட்டால் பட்ட அடியும் இருந்தது. வங்கிகள் காற்றாலை என்றாலே தயங்கிய காலத்தில் அவர்களின் பணத்தை இந்தத் துறைக்குள் இழுத்து வந்தது துரிதத் தேய்மானம்தான். பழுது பார்ப்பவர்கள், கிரேன் வைத்திருப்பவர்கள், கோபுரம் செய்யும் பட்டறைகள், கியர்பாக்ஸ் தொழிற்சாலைகள் என்று ஒரு தொழில் சூழலே தமிழ்நாட்டில் உருவானது அதன் பின்னால்தான்.

யூனிட்டுக்கு ஊக்கம், பிறகு ஏலம்

2009 டிசம்பரில் மத்திய அரசு உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகையை அறிவித்தது. கிரிட்டுக்குள், அதாவது பொது மின்தொகுப்புக்குள், போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. மெகாவாட்டுக்கு 62 லட்சம் ரூபாய் வரை. இதையும் துரிதத் தேய்மானத்தையும் சேர்த்துப் பெற முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான திசையில் வைத்த அடி இது. யூனிட்டை எண்ணிப் பணம் கொடுத்தால் உயரமான கோபுரமும் நீளமான இறக்கையும் லாபமாகிவிடும். மின்சாரம் விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இதற்குப் பிறகுதான் பெரிய அளவில் வந்தன.

ஆனால் 2012 ஏப்ரலில் துரிதத் தேய்மானமும் ஊக்கத்தொகையும் ஒன்றாக நின்றுபோயின. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 3,200 மெகாவாட் சேர்த்த நாடு, அடுத்த ஆண்டில் 1,700 மெகாவாட் அளவோடு நின்றது. ஊக்கத்தொகை 2013-இல் திரும்பியது, தேய்மானம் 2014-இல் திரும்பியது. 2017-இல் தேய்மானம் 40 சதவீதமாகக் குறைந்து, ஊக்கத்தொகை முடிந்து, குறைந்த யூனிட் விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏல முறை வந்தது. இறக்கைக்கான வார்ப்பு அச்சு ஒன்றைச் செய்து அதிலிருந்து நூற்றுக்கணக்கான இறக்கைகளை எடுத்தால்தான் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொள்கை புரளும் சந்தையில் புதிய அச்சுக்கு யார் பணம் போடுவார்? சலுகையின் அளவைவிட அதன் நிலைத்தன்மைதான் புதுமைக்கு அடிப்படை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசியக் காற்றாலை ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அப்போது தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்திருந்த கொள்முதல் விலை 4.16. அக்டோபரில் ஏல விலை 2.64; டிசம்பரில் குஜராத்தில் 2.43. மின்சாரம் வாங்குபவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் ஏலத்தில் ஓரிடத்தில் குறைந்தது 50 மெகாவாட் வேண்டும் என்றதால், ஒன்றிரண்டு காற்றாலை வைக்கும் நூற்பாலைகளுக்கு அதில் இடமில்லை. விலை பாதாளத்துக்குப் போனதால் உற்பத்தியாளர்களின் லாபம் வற்றியது. 2016-17-இல் 5,400 மெகாவாட்டுக்கு மேல் சேர்ந்தது, மறு ஆண்டில் 2,000-க்கும் கீழே விழுந்தது.

ஏலம் ஒரு தொழில்நுட்ப மாற்றத்தையும் வேகப்படுத்தியது. யூனிட் விலையே எல்லாம் என்றானதும், சிறிய ஜெனரேட்டருக்குப் பெரிய இறக்கை பொருத்திய இயந்திரங்கள் சந்தையைப் பிடித்தன. பழைய 225 கிலோவாட் இயந்திரத்தின் சுழல் வட்டம் 27 மீட்டர் விட்டம். ஒரு சதுர மீட்டர் வட்டத்துக்குச் சுமார் 390 வாட். இன்றைய 3,150 கிலோவாட் இயந்திரத்தின் விட்டம் 144 மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 190 வாட். காற்று மெல்ல வீசும்போதும் இது தன் ஜெனரேட்டரை நிறைத்து ஓட்டும்.

பழையதை இறக்கிப் புதியது வைத்தால்

இந்த இரண்டு இயந்திரங்களின் விட்டத்தையும் திறனையும் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். பழைய காற்றாலையை இறக்கிவிட்டு அதே இடத்தில் புதியது வைக்கும் ரீபவரிங் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகிறது.

காற்றாலைகளுக்கிடையே குறுக்குவாட்டில் விட்டத்தைப் போல் 5 மடங்கும், காற்று போகும் திசையில் 7 மடங்கும் இடைவெளி வேண்டும் என்பது வழக்கமான விதி. முன்னால் நிற்பது காற்றைக் கலக்கிவிடுவதால் பின்னால் நிற்பதற்கு உற்பத்தி குறையும், அதிர்வும் கூடும் என்பதற்காக வைத்த விதி இது. 27 மீட்டர் இயந்திரத்துக்கு 135-க்கு 189 மீட்டர், அதாவது சுமார் 6.3 ஏக்கர். 144 மீட்டர் இயந்திரத்துக்கு 720-க்கு 1,008 மீட்டர், சுமார் 179 ஏக்கர். ஒரு புதிய இயந்திரம் 28 பழைய இயந்திரங்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த 28-இன் மொத்தத் திறன் 6,300 கிலோவாட். புதியதின் திறன் 3,150.

திறன் பாதியாகக் குறைந்துவிட்டது! பழையவற்றின் திறன் பயன்பாடு (ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் உண்மையில் கிடைக்கும் பங்கு) 15 சதவீதம், புதியதின் பயன்பாடு 36 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு உற்பத்தி சுமார் 83 லட்சம் யூனிட்டிலிருந்து 99 லட்சத்துக்குத்தான் உயரும். கோடிக்கணக்கில் செலவழித்து 20 சதவீதக் கூடுதல் என்றால் யாரும் வரமாட்டார்கள்.

இப்போது இடைவெளி விதியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்போம். நம் கணவாய்களில் பருவக்காற்று ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் குறுக்குவாட்டு இடைவெளியை 5 மடங்கிலிருந்து 3 மடங்காகக் குறைக்கலாம். பக்கத்தில் நிற்பதன் கலங்கல் காற்று பக்கத்தில் போகாது, பின்னால்தான் போகும். அப்போது 84 பழைய இயந்திரங்களின் இடத்தில் 3 அல்ல, 5 புதிய இயந்திரங்கள் வைக்கலாம். உற்பத்தி சுமார் 248 லட்சத்திலிருந்து 497 லட்சம் யூனிட்டாக இரட்டிக்கும். கலங்கலால் ஓரளவு கழிந்தாலும் கணக்கு நிற்கும். ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் திட்டத்தின் தலைவிதி மாறிவிடுகிறது. இந்தத் தளர்வை எல்லா இடத்துக்கும் பொதுவாகக் கொடுக்கவும் முடியாது. அந்தந்த இடத்தின் திசைத் தரவை வைத்து, கலங்கல் கணக்கீட்டோடு கொடுக்க வேண்டும். முப்பந்தல் போல வேகமும் கொந்தளிப்பும் கூடிய இடத்துக்கு மெல்லிய காற்றுக்கென வடிவமைத்த பெரிய இறக்கை பொருந்துமா என்பதையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்தத் தளர்வுக்குப் பிறகும் மெகாவாட் குறைகிறது என்பதைப் பாருங்கள்: 84 பழையவை 18.9 மெகாவாட், 5 புதியவை 15.75 மெகாவாட். யூனிட் இரட்டிப்பு, திறன் இறக்கம். மெகாவாட்டில் இலக்கு வைத்து மெகாவாட்டில் சாதனையை எண்ணும் நிர்வாகத்தின் கண்ணுக்கு இது பின்னடைவாகத் தெரியும். கரியமில வாயுவைக் குறைப்பது யூனிட்தான், மெகாவாட் அல்ல. மின் விநியோக நிறுவனங்களும் பெரும் நுகர்வோரும் 2029-30-க்குள் தங்கள் நுகர்வில் 43.33 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெற வேண்டும் என்ற மத்திய விதி யூனிட் கணக்கில்தான் இருக்கிறது. மாநில இலக்குகளும் அப்படி மாற வேண்டும்.

பேங்கிங் என்ற முடிச்சு

இவ்வளவு லாபம் இருந்தும் உரிமையாளர்கள் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? விடை பேங்கிங்கில் இருக்கிறது. ஆண்டு உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் வருகிறது. நூற்பாலை ஓடுவதோ பன்னிரண்டு மாதமும். பழைய காற்றாலைகளுக்கு, ஏப்ரல் முதல் மார்ச் வரை மிகை யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இதற்கு மின்வாரியம் கழித்துக்கொள்ளும் யூனிட் 5 சதவீதத்தில் தொடங்கி, 12 ஆகி, 2018-இல் 14 சதவீதமானது. ஆண்டு முடிவில் எடுக்காமல் விட்ட யூனிட்டுக்குக் கொள்முதல் விலையில் 75 சதவீதம்தான் கிடைக்கும்.

மின்வாரியத்தின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஜூலையில் காற்று கொட்டும்போது சந்தையில் மின்சாரம் மலிவு. அப்போது வாங்கிவைத்த யூனிட்டைக் கோடையின் உச்சத் தேவையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், விலை கூடிய நேரத்தில் வெளியில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். நுகர்வோர் தாம் விரும்பும் உற்பத்தியாளரிடமிருந்து பொதுக் கம்பி வழியே பசுமை மின்சாரம் பெற வழிசெய்யும் மத்திய அரசின் 2022 பசுமை ஓபன் ஆக்சஸ் விதிகள் மாதாந்திர பேங்கிங்கைத்தான் அடிப்படையாக வைக்கின்றன. மாத நுகர்வில் குறைந்தது 30 சதவீதம் வரை வரவு வைக்க இடம் தர வேண்டும் என்கின்றன. மாதத்துக்குள் முடிக்க வேண்டிய பேங்கிங்கால் ஜூலைக் காற்றை ஜனவரிக்குக் கொண்டுபோக முடியாது.

ஆகவே உரிமையாளர் போடும் கணக்கு இது: பழைய இயந்திரத்தை இறக்கினால் யூனிட் இரட்டிக்கும், ஆனால் ஆண்டு பேங்கிங் போய்விட்டால், பருவத்தில் வரும் கூடுதல் யூனிட்டில் பெரும்பகுதி, யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் போகும் ஆலை மின்கட்டணத்தை ஈடுசெய்யாமல், மலிவு விலைக்குப் போகும். அதைவிடக் கடன் தீர்ந்த பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்து ஓட்டுவதே மேல் என்று தோன்றுவதில் வியப்பில்லை. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 20 ஆண்டு கடந்த காற்றாலைகளுக்கான கொள்கையை வெளியிட்டபோது, மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூபாய் வளர்ச்சிக் கட்டணத்தோடு சேர்ந்து எதிர்ப்பைக் கிளப்பியதும் இந்த பேங்கிங் கேள்விதான். நூற்பாலைகள் நீதிமன்றம் போயின.

எங்கள் பார்வையில் இதற்கு நடுவழி உண்டு. பழைய இயந்திரம் கடந்த சில ஆண்டுகளில் சராசரியாகத் தந்த யூனிட் அளவுக்கு மட்டும் ஆண்டு பேங்கிங்கைத் தொடரலாம். அதற்கு மேல் வரும் யூனிட்டுக்குப் புதிய விதி பொருந்தட்டும். மின்வாரியத்துக்குப் புதிய சுமை இல்லை. உரிமையாளருக்கும் இருந்தது பறிபோகாது.

நிலம், கம்பி, கிரேன்

28 காற்றாலைகள் என்றால் ஒரே உரிமையாளர் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு ஏக்கர் தனிப்பட்டா, தனி மின் இணைப்பு எண், மின்வாரியத்தோடு தனி ஒப்பந்தம். பத்துப் பேர் ஒப்புக்கொண்டு ஒருவர் மறுத்தால் திட்டம் நின்றுவிடும். டென்மார்க் இந்தச் சிக்கலை ஒரு சான்றிதழால் அவிழ்த்தது. சிறிய காற்றாலையை இறக்கியவருக்கு அரசு ஒரு கழிவுச் சான்றிதழ் கொடுத்தது. அதை அவரே பயன்படுத்தலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் வேறிடத்தில் நிறுவும் பெரிய காற்றாலைக்கு யூனிட்டுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. 2001 முதல் 2003 வரை நடந்த முதல் சுற்றில் 122 மெகாவாட் கொண்ட 1,480 இயந்திரங்கள் இறங்கி, 332 மெகாவாட் கொண்ட 272 இயந்திரங்கள் எழுந்தன. பணம் போட மனமில்லாத சிறு உரிமையாளர் கௌரவமாக வெளியேற வழி கிடைத்ததுதான் அதன் நுட்பம். நம் கணவாய்களிலும், நிலத்துக்குக் குத்தகையோ புதிய திட்டத்தில் யூனிட் பங்கோ கிடைக்கும்படி அந்தச் சான்றிதழை வடிவமைக்கலாம்.

கம்பியிலும் தடை இருக்கிறது. பழைய இயந்திரங்கள் 400 வோல்ட்டில் உற்பத்தி செய்து துணை மின்நிலையத்துக்குப் போகும் 11 அல்லது 22 கிலோவோல்ட் ஃபீடர் கம்பியில் ஏற்றுகின்றன. புதியவை 33 கிலோவோல்ட்டுக்கு ஏற்றுபவை. அதற்கேற்ற ஃபீடரும் துணை மின்நிலையத்தில் 33 கிலோவோல்ட் பகுதியும் வேண்டும். இதை யார் செலவில் செய்வது என்பது கொள்கையில் தெளிவாக இல்லாவிட்டால் கோப்பு நகராது. இறக்கையே 70 மீட்டர் நீளம் என்பதால் வளைவான கிராமச் சாலைகளில் தற்காலிகமாக அகலப்படுத்த வேண்டிவரும். பழைய அடித்தளத்தைப் பயன்படுத்த முடியாது. இறக்கும் இறக்கைகள் கண்ணாடியிழையும் பிசினும் கலந்தவை. கோபுரத்து இரும்பு போல எடைக்கு விற்காது. சிமென்ட் சூளையில் எரித்துக் கலப்பது ஒரு வழி. அதன் செலவைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும்.

ஆனால் ரீபவரிங்கால் கிரிட்டுக்குக் கிடைக்கும் நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. பழைய நிலைவேக இயந்திரங்களில் இருப்பது தூண்டல் ஜெனரேட்டர். அது மின்சாரம் தரும்போதே கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை, அதாவது தன் காந்தப்புலத்தைத் தக்கவைக்கத் தேவைப்படும், வேலை செய்யாத மின்சக்தியை இழுக்கும். அதை ஈடுகட்ட வைத்த கெபாசிட்டர்கள் வருடக்கணக்கில் வெயிலில் பழுதாகும். பழுதானதை மாற்றாவிட்டால் பலத்த காற்று வீசும் மாலையில் அந்த வட்டார மின்னழுத்தம் தொய்யும். எங்கோ ஒரு லைனில் பழுது ஏற்பட்டு மின்னழுத்தம் சட்டென்று சரிந்தால், இந்த இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றாகக் கழன்றுகொள்ளும். 2014-க்குப் பிறகு இணைக்கப்படுபவை, மின்னழுத்தம் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லி நொடி வரை தாங்கி நிற்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. நூறு பழைய இயந்திரங்களுக்குப் பதில் ஐந்தாறு புதியவை வந்தால் கிரிட் இயக்குபவர் கையாள வேண்டிய ஆபத்தும் குறையும்.

காற்று கொட்டும் நாட்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் பழைய வழக்கம் இன்று ஓரளவு தளர்ந்திருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு ஒருங்கிணைந்தது. தப்பகுண்டு, ஆனைக்கடவு போன்ற 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பி போடும் பசுமை வழித்தடத் திட்டத்தில் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரையும் தமிழ்நாட்டின் புகளூரையும் இணைக்கும் உயரழுத்த நேர்மின் தடம் தேவைப்பட்டால் 3,000 மெகாவாட்டை வடக்கு நோக்கியும் அனுப்பும். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்று மின்சாரத்தை மாநிலம் எடுத்துக்கொண்டது இந்தக் கம்பிகளால்தான். ஆனாலும் கடைசிக் கிலோமீட்டர் இன்னும் பழைய ஃபீடர்தான். இன்று ஒரு வட்டாரத்தில் ரீபவரிங்கைத் தொடங்க நினைக்கும் அரசு முதலில் செய்ய வேண்டியது, ஒரு துணை மின்நிலையத்தை எடுத்துக்கொண்டு, அதில் தொங்கும் ஒவ்வொரு ஃபீடரிலும் எத்தனை இயந்திரம், என்ன வயது, யாருடையது, மூன்று ஆண்டுச் சராசரி யூனிட் எவ்வளவு என்ற பட்டியலைப் பொதுவில் வைப்பது. இந்தத் தகவல் எல்லாம் மின்வாரியத்தின் மீட்டர் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.